டக்ட்காரர் எஞ்சினுக்குக் காற்று வழி செய்தது

டக்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பெரிய கட்டடங்களில் ஏசி காற்று போவதற்குத் தகட்டில் பெட்டி பெட்டியாகக் குழாய் செய்து கூரைக்கு அடியில் தொங்கவிடுகிறார்களே, அதற்கு டக்ட் என்று பேர். மீசை முளைத்த காலத்திலிருந்து அவருக்கு அதே வேலை. தகட்டைத் தட்டித் தட்டி இடது காது மந்தம். அதனால் அவர் மெதுவாகப் பேசினாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். பெண்டாட்டியைக் கொஞ்சினால்கூட அடுத்த வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதற்குப் பயந்தே மனுஷன் கொஞ்சுவதை நிறுத்திவிட்டார் என்று பெண்டாட்டியே சொல்லுவாள்.

அவர் செய்த குழாயில் ஒரு பொட்டுக் காற்று வீணாகாது. இரண்டு தகடு சேரும் இடத்தை மடித்து அடித்து, மேலே இடுக்கை அடைக்கிற சீலன்ட் பசையைப் பூசி, காய்ந்த பிறகு உள்ளே ஒரு விளக்கை விட்டுப் பார்ப்பார். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் பிரித்து மறுபடி அடிப்பார். குளிர்ந்த காற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற குழாய் மட்டும்தான் அவர் பொறுப்பு. அறைக்குள் போன காற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு வரும் குழாய் வேறு கூட்டத்தின் வேலை. அந்தப் பக்கம் அவர் தலை வைத்துப் படுத்ததில்லை. அவரவர் வேலை அவரவருக்கு.

பெண்டாட்டி வீட்டிலேயே துணி தைப்பவள். காலடியில் மெஷின், உதட்டில் குண்டூசி. அந்தக் குண்டூசியைவிட அவள் நாக்கு கூர்மை. அவர் மாதக்கணக்கில் வெளியூர்க் கட்டடங்களில் கிடந்தபோது மகளை வளர்த்ததும், படிக்க வைத்ததும், தூரத்தில் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அவர் வருவார், பையை வைப்பார், சாப்பிடுவார், தூங்குவார், போய்விடுவார்.

"லாட்ஜுல தங்கறவன்கூட போறப்ப சாவியக் குடுத்துட்டு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவான்" என்பாள் அவள்.

முழங்கால் தேய்ந்து, ஏணி ஏற முடியாமல், அவர் வீட்டோடு வந்து சேர்ந்தார். இனிமேலாவது எதிரும் புதிருமாக உட்கார்ந்து நாலு வாய் சண்டை போடலாம் என்று அவள் நினைத்திருந்த அதே வருஷம் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யப் போக வேண்டும். டயாலிசிஸ் செய்கிற இடம் ஊரின் மறுகோடியில். நடுவில் ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம், மூச்சு வாங்குகிற நீள ஏற்றம். பஸ் படி அவளுக்கு எட்டவில்லை. வாடகைக் கார் வைத்தார்கள். திரும்பி வரும்போது ஒருநாள் அவள் வாந்தி எடுத்தாள், மறுநாளிலிருந்து அந்த டிரைவர் போனை எடுக்கவில்லை. பிறகு தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். ஒருநாள் அவளுக்குத் தலை சுற்றி, அவர் முதுகிலிருந்து மூட்டை மாதிரி சரிந்துவிட்டாள். பக்கத்தில் வந்தவன் கத்தியிருக்காவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அவர் வண்டிக்கு இடது பக்கத்தில் ஒரு பெட்டி வைத்துக் கட்டினார். ஆங்கிள் இரும்பில் சட்டம், தகட்டில் உடம்பு, தனிச் சக்கரம், சாய்ந்துகொள்ள மெத்தை, ஏறி இறங்கத் தாழ்ந்த கதவு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அவள் உள்ளே உட்கார்ந்து, "சவப்பெட்டியில முன்கூட்டியே எடம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். அவர் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, "மெத்தை நல்லாருக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பி வரும்போதுதான் கஷ்டம். உடம்பு ரத்தமெல்லாம் வெளியே போய், மெஷினில் சுற்றி, மறுபடி உள்ளே வந்த பிறகு அவளுக்குக் குளிர் தாங்காது. வெயில் கொளுத்தினாலும் பல் கிட்டும். எதிர்க்காற்று பட்டால் எலும்பு வரைக்கும் போகும். இரண்டு போர்வை போதவில்லை.

டக்ட்காரர் பார்த்தார். காற்றை அடைப்பது அவருக்குத் தெரியாத வித்தையா? பெட்டிக்கு முன்னால் மட்டும் தகடு அடித்தால் எஞ்சின் பக்கமாகக் காற்று சுற்றி வந்து அவளை அடிக்கிறது என்று, கைப்பிடியிலிருந்து கீழே சக்கரம் வரைக்கும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், வண்டிக்கு முன்னால் முழுசாக ஒரு தகட்டுச் சுவர் எழுப்பிவிட்டார். வாளி மூடி மாதிரி கச்சிதம். ஒரு பொட்டுக் காற்று உள்ளே வரவில்லை. அவள் போர்வையை மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். நல்ல மனுஷன் செய்கிற முட்டாள்தனத்தை யாராலும் தடுக்க முடியாது. அதில் அவ்வளவு அக்கறை இருக்கும்.

வெயில் ஏறிய ஒருநாள் காலையில் பாலத்தின் பாதி ஏற்றத்தில் எஞ்சின் ஒரு முனகல் முனகியது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் கருகிய நாற்றம். கிக்கரை மிதித்தார், கல்லை மிதித்த மாதிரி இருந்தது.

"என்னாச்சு?" என்றாள் பெட்டிக்குள்ளிருந்து.

"சூடாகிடுச்சு."

"எனக்கு முன்னாடியே தெரியும். அடுப்போரமா உக்காந்த மாதிரி ஒரு தொடை வெந்துக்கிட்டு இருக்கு."

"தெரிஞ்சா சொல்லக் கூடாதா?"

"மூணு தடவை சொன்னேன். கேக்காத காதுப் பக்கமா பாத்து என்னை உக்கார வெச்சிருக்கீங்க, மகராசா."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. இறங்கித் தள்ளலாம் என்றால் ஏற்றம். திருப்பிவிட்டால் வண்டி அவளோடு சேர்ந்து உருண்டுவிடும். அவர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வருகிற வண்டிகளை எல்லாம் கை காட்டினார். வேடிக்கை பார்க்க நின்றவர்கள்தான் அதிகம். ஒருவழியாக ஒரு காய்கறி வேனில் ஏற்றி அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவளுடைய மெஷினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நேரம் தவறினால் மெஷின் அடுத்த ஆளுக்கு. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வரிசையில் இருப்பதும் உயிர்தான். நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

நாளைக்கு என்பது அவளுக்குத் தூரமாகப் போய்விட்டது. விடியும் நேரத்தில் படுக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, மூச்சு உள்ளே போகாமல் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். முகம் ஊதிக் கண் இடுங்கிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து, ஆக்சிஜன் வைத்து, அவசரமாக மெஷினில் போட்டுப் பிழைக்க வைத்தார்கள். அதுவரை டக்ட்காரர் வராந்தா சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவை அந்த வண்டி வழியில நின்னுச்சுன்னா, அங்கருந்து நேரா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும். அதுக்கப்புறம் நான் அந்த எடத்துக்கு வரமாட்டேன்."

"பைத்தியம் மாதிரி பேசாத."

"பைத்தியம் இல்ல. மூச்சு முட்டிச் சாகறது எப்படின்னு பாதி பாத்துட்டேன். மீதிய நடு ரோட்டுல, போறவன் வர்றவன் எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்க, அந்தத் தகரப் பொட்டிக்குள்ள பாக்க மாட்டேன். என் வீட்டுல, என் கட்டில்ல பாத்துக்கறேன். நான் தீர்மானம் பண்ணிட்டேன்."

அவள் தீர்மானம் பண்ணினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். ஒரு பேச்சுக்காக நாத்தனார் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றவள், நாத்தனார் செத்த அன்றைக்கும் வாசலுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டு வந்தவள் அவள்.

அவளுடைய தம்பி மெக்கானிக். தெரு முனையில் பட்டறை. கை எப்போதும் கறுப்பு, வாய் எப்போதும் சிரிப்பு. எஞ்சினைப் பிரித்து, உரசிக் கீறல் விழுந்த பிஸ்டனை எடுத்து மாமா கையில் வைத்தான். அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்கவில்லை.

"மாமா, இந்த எஞ்சினுக்குள்ள தண்ணி கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. வண்டி ஓடறப்ப எதிர்ல வர்ற காத்துதான் இதுக்கு எல்லாம். எஞ்சினைச் சுத்தி வரிவரியாத் தகடு நிக்குதுல்ல, அது எதுக்குன்னு நெனச்சீங்க, அழகுக்கா? காத்து இந்த இடுக்குல எல்லாம் பூந்து சூட்டை வாரிக்கிட்டுப் போகணும். நீங்க வாசல்லயே கதவைச் சாத்திட்டீங்க."

டக்ட்காரர் பிஸ்டனில் விழுந்த கீறலைக் கட்டை விரலால் தடவினார்.

"முன்னாடி இருக்கற தகட்டைக் கழட்டி எறிங்க. வேலை முடிஞ்சுது."

"கழட்டினா உங்க அக்காவுக்குக் குளிரும்டா."

"தகடு இருந்தா எஞ்சின் சாகும் மாமா."

"ரெண்டுக்கும் வழி இருக்கு. காத்தை ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்குக் கொண்டு போறதுதான என் பொழப்பு? எஞ்சினை நீ கட்டு. காத்தை நான் கொண்டு வர்றேன்."

அதுவரை மகளோடு படித்தவர்கள் யாராவது, தம்பியின் நண்பர்கள் யாராவது என்று மாறி மாறிக் கார் கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? டக்ட்காரர் சோறு தண்ணி மறந்தார். வாசலில் தகட்டை விரித்து, கோடு கிழித்து, கத்தரியால் வெட்டி, மரக்கட்டையில் வைத்து மடித்தார். முன்பக்கத் தகட்டில் விளக்குக்குக் கீழே ஒரு ஓட்டை. அதில் அகன்ற வாய். வாயிலிருந்து குறுகிக்கொண்டே வரும் குழாய்; குறுகினால் காற்று வேகம் எடுக்கும், அது அவருக்கு மனப்பாடம். குழாயின் மறுமுனையில் எஞ்சினின் தலையைச் சுற்றி ஒரு தகட்டுக் கூடு. மூட்டுக்கு மூட்டு ரிவெட், மூட்டுக்கு மூட்டு சூடு தாங்கும் சீலன்ட். எல்லாம் முடித்து, வண்டி மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடி, குழாய்க்குள் விளக்கை விட்டு, தானும் தார்ப்பாய்க்குள் நுழைந்து பார்த்தார். எங்கும் ஒரு புள்ளி வெளிச்சம் இல்லை. வெளியே வந்தபோது வியர்வையோடு ஒரு சிரிப்பும் வழிந்தது.

பள்ளி மைதானத்தைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து கூட்டின் மேல் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் சுரீர் என்று குதித்து ஓடியது. முன்னைவிடச் சூடு.

வாய் சின்னது போல என்று நினைத்தார். பிரித்து, இன்னும் அகலமாக வாய் வைத்தார். மறுபடி மைதானம். மறுபடி சுரீர்.

மச்சான் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "மொதல்ல எலி பூந்து போற மாதிரி இருந்துச்சு, இப்ப பூனை பூந்து போகும். இன்னும் ஒரு தடவை பெருசாக்கினா நானே உள்ள போயி உக்காந்து விசிறி விடறேன் மாமா. சொல்றதக் கேளுங்க, தகட்டைக் கழட்டுங்க. நாளைக்குக் காலையில அக்கா போகணும். என் ஃப்ரெண்டு காரை வித்துட்டான், நாளைக்கு வண்டி கிடையாது."

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா" என்று டக்ட்காரர் கத்தினார். தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது.

அவள் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வீங்கிய காலை முக்காலி மேல் நீட்டி வைத்துக்கொண்டு ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுக்கு அன்றைக்கு முழுதும் அனுமதித்த தண்ணீர், ஒரு சின்னச் செம்பில். நாக்கை நனைக்கிற மாதிரி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் காத்து உள்ள போகுது. சரி. அப்புறம் எந்தப் பக்கமா வெளிய வருது?"

"வெளிய வருமா? எதுக்கு வரணும்? ஒரு பொட்டு வெளிய வராது. நான் செஞ்ச வேலை அது."

"வெளிய வரலேன்னா அது எங்க போகும்?"

"எங்கயும் போகாது. எஞ்சின் மேலயே இருக்கும். அதுக்குத்தான கொண்டு வர்றோம்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். புடவையை லேசாகத் தூக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. குழி மூடவில்லை.

"இங்க பாருங்க."

அவர் பார்த்தார்.

"குடிக்கற தண்ணி உள்ள போகுது. வெளிய வர வழியில்ல. அப்படியே நின்னு நின்னு இப்படி ஆகிக் கெடக்கு. நீங்க என்னடான்னா வாயப் பெருசாக்கறீங்க, வாயப் பெருசாக்கறீங்க. எனக்கு இந்தச் செம்பைப் பெருசாக்கினா என் காலு வத்திடுமா?"

டக்ட்காரர் கையில் கத்தரியோடு அப்படியே நின்றார். வாழ்நாள் முழுக்கக் கூரையில் அவர் குழாய்க்குப் பக்கத்திலேயே இன்னொரு குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆட்கள் அதை மாட்டினார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், அவர்களுக்கு ஏணி பிடித்திருக்கிறார். அந்தக் குழாய் இல்லாவிட்டால் தன் குழாயில் ஒன்றும் நகராது என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கூட்டுக்குள் புகுந்த காற்று எஞ்சினோடு சேர்ந்து வெந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் வந்த காற்றுக்கு உள்ளே இடம் இல்லை.

அவள் காலைப் பார்க்க அவரால் முடியவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது. தான் பூசிய சீலன்டைத் தானே சுரண்டினார்.

கூட்டின் பின்பக்கம் வாயைவிடப் பெரிதாக ஒரு வழி வெட்டினார். சூடானால் காற்று விரியும், அதற்கு இடம் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மச்சான் வந்து தகட்டைப் பிடித்துக்கொண்டான். வெட்டிய வழியின் ஓரத்தைப் பின்பக்கமாக மடித்துவிட்டார், வண்டி ஓடும்போது வெளிக்காற்று உரசி உள்ளே இருப்பதை இழுத்துக்கொள்ளட்டும் என்று.

அவள் நாற்காலியிலிருந்தே கேட்டாள். "சூடா வர்ற காத்தை எதுக்கு ரோட்டுல கொட்டறீங்க? வரும்போது நான் வெறைச்சுப் போயி வர்றேன்ல?"

"பொகை அடிக்கும்."

"பொகை சைலன்ஸர்ல போயிடும் மாமா" என்றான் தம்பி. "இது வெறும் சூட்டுக் காத்துதான். கொஞ்சம் எண்ணெய் வாசம் வரும்."

"உங்க வேர்வை வாசத்தையே இத்தனை வருசம் பொறுத்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

வெளிவழிக்குத் திருப்பக்கூடிய ஒரு முழங்கைக் குழாய் வைத்தார்கள். போகும்போது அது பின்பக்கம் பார்க்கும்; வரும்போது பெட்டியின் அடிப்பக்கம் திரும்பும்.

மறுநாள் காலை அவள் பெட்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் அவருக்குப் பயம். கடைத் தெரு, சிக்னல், பள்ளிக்கூடம் எல்லாம் தாண்டிப் பாலம் வந்தது. அவளுக்குக் குலுங்கக் கூடாது என்று வழக்கம்போல மெதுவாக ஏற்றினார். அவள் பெட்டியின் விளிம்பு வழியாகக் கையை விட்டு வெளிவழிக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தாள். பிறகு அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி.

அவர் குனிந்தார். "என்ன? வரலையா?"

"வருது. ஆனா கொறையுது. ஏன் மாட்டு வண்டி ஓட்டறீங்க? வேகமாப் போனாத்தான அது வரும்? போங்க!"

"உனக்குக் குலுங்கும்!"

"குலுங்கட்டும், நான் என்ன கண்ணாடிச் சாமானா? முறுக்குங்க!"

முறுக்கினார். எஞ்சின் குரல் மாறியது. பெட்டி தடதடவென்று ஆடியது. போன தடவை நின்ற இடத்தில் சாலையில் எண்ணெய்க் கறை இன்னும் காய்ந்து கிடந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவள் கையையே பார்த்தார். விரித்த விரல்கள் அப்படியே இருந்தன. சூடு தாங்காமல் அவள் ஒரு தடவை கையை இழுத்து, புடவையில் துடைத்து, மறுபடி நீட்டினாள். லாரி ஒன்று உரசுகிற மாதிரி போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உச்சிக்கு வந்தார். இறக்கத்தில் அவள் கையை உள்ளே எடுத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

எடை பார்த்து, கட்டிலில் படுக்கவைத்து, நர்ஸ் கையில் ஊசியைச் சொருகினாள். பக்கத்துக் கட்டில் காலி. அதில் வழக்கமாகப் படுக்கும் பள்ளிக்கூட வாத்தியார் எங்கே என்று அவளும் கேட்கவில்லை, நர்ஸும் சொல்லவில்லை. விரிப்பு மட்டும் புதுசாக மாற்றியிருந்தது. டக்ட்காரர் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, "வெளிய போயி உக்காருங்க" என்றாள் அவள். மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

அவர் வெளியே போய், காத்திருக்கும் மற்ற ஆண்கள் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லோருக்கும் ஒரே முகம். வண்டியைச் சரி செய்துவிட்டதால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைக்கிற அளவுக்கு அவர் சின்னப் பிள்ளை இல்லை. கொண்டுவந்து சேர்க்கிற வரைக்கும்தான் அவர் வேலை. அதில் தவறவில்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் திரும்பும்போது முழங்கைக் குழாயைப் பெட்டிப் பக்கம் திருப்பிவிட்டார். பாலம் ஏறும்போது குனிந்து பார்த்தார். அவள் பல் கிட்டவில்லை. போர்வைக்கு வெளியே பாதம் இரண்டையும் நீட்டிக்கொண்டு, தலை ஒரு பக்கம் சாய, தூங்கிக்கொண்டிருந்தாள். பள்ளம் வந்த இடங்களில் எல்லாம் பெட்டிச் சக்கரத்தை விலக்கி, தன் சக்கரத்தைப் பள்ளத்தில் விட்டு, குலுக்கலைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார்.

வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து, கை கொடுத்தார். அவள் எழுந்து, அவர் தோளில் பாரத்தைப் போட்டு, ஒரு காலைத் தரையில் வைத்து நின்றாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. எஞ்சின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது.

"நாளை மறுநாள் போறதுக்குள்ள அந்தக் குழாயை ரெண்டு வெரக்கடை இந்தப் பக்கமாத் திருப்பி வைங்க" என்றாள். "இந்தக் கட்டை விரலுக்கு மட்டும் சூடு பத்தல."

"எந்தக் காலு?"

"இந்தக் காலுதான். கண்ணும் போச்சா?"